சர்க்கரை நோயும் விழித்திரையும்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவரிடம் "கண்ணைக் காட்டினீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பாலக்கோட்டிலும் சரி, பர்கூரிலும் சரி, பெரும்பாலும் வருகிற பதில் "கண்ணு நல்லாத்தாங்க தெரியுது" என்பதுதான். இன்னும் சிலர், "போன வருசம்தானே கண்ணாடி மாத்தினேன்" என்பார்கள். இரண்டுமே இந்த நோய்க்குப் பொருந்தாத பதில்கள். சர்க்கரையால் வரும் விழித்திரை பாதிப்பு வலிக்காது, சிவக்காது, உறுத்தாது. பார்வை மங்கத் தொடங்கும்போது பல பேருக்கு நோய் சில வருடங்கள் முன்னேறியிருக்கும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி பவர் பார்ப்பதில் விழித்திரை தெரியவே தெரியாது.

எனவே முதலில் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் யாராவது உங்கள் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரிய வைத்து, உள்ளே விளக்கடித்துப் பார்த்தார்களா? இல்லையென்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. நாம் பார்ப்பதெல்லாம் அங்கேதான் விழுகிறது. அங்கிருந்துதான் மூளைக்குப் போகிறது. அதன் நடுவில் மாக்குலா என்ற சின்னப் பகுதி இருக்கிறது. பேருந்தின் ஊர்ப்பலகையைப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அதன் வேலை. மற்ற பகுதி, பக்கவாட்டுப் பார்வைக்கும் இருட்டில் நடமாடுவதற்கும் உதவுகிறது.

இந்தப் படலம் முழுக்க மயிரிழையை விட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் அதிகமாகவே இருந்தால் அந்தக் குழாய்களின் சுவர் வலுவிழந்து போகும். தக்காளித் தோட்டத்தில் பல வருடம் வெயிலில் கிடந்த சொட்டுநீர்க் குழாயைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு இடத்தில் உப்பிக்கொண்டு நிற்கும், ஒரு இடத்தில் கசியும், ஒரு இடத்தில் அடைத்துப்போய்க் கடைசி வரிசைச் செடிக்குத் தண்ணீரே போகாது. இங்கேயும் அந்த மூன்றும்தான் நடக்கின்றன.

கசிந்த நீர் மாக்குலாவில் தேங்கினால் அந்த இடம் வீங்கும். நேர்ப்பார்வை மங்கும், நேர்கோடு வளைந்து தெரியும். அடைப்பு அதிகமானால் ரத்தம் கிடைக்காத விழித்திரை, புதிய குழாய்களை வளர்க்கச் சொல்லி ஒரு வேதிப்பொருளைச் சுரக்கும். விஇஜிஎஃப் என்பது அதன் பெயர். பின்னால் சொல்லப்போகும் கண் ஊசி மருந்தெல்லாம் பெரும்பாலும் இதை அடக்கத்தான். அப்படி வளரும் புதிய குழாய்கள் உறுதியில்லாதவை. ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அல்லது நார் போல இறுகி விழித்திரையையே சுவரிலிருந்து இழுத்துப் பிரித்துவிடும். முழுப் பார்வை இழப்பு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆதரவில் நடந்த 'இந்தியாப்' (INDIAB) எனப்படும் நாடு தழுவிய கணக்கெடுப்பு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் சொன்னது. சென்னையில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ 18 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். இவர்களில் எல்லோருக்கும் பார்வை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். காலத்தோடு கண்டுபிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பார்வையைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

முதல் படி: எப்போது போக வேண்டும்

பெரியவர்களுக்கு வரும் வழக்கமான சர்க்கரை நோய், அதாவது இரண்டாம் வகை என்றால், நோய் இருப்பதாகத் தெரிந்த உடனே ஒரு முறை. "இப்பதானே வந்திருக்கு, அஞ்சு வருசம் போகட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது இப்போது. சர்க்கரை ஏறத் தொடங்கியது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் சிலருக்கு முதல் பரிசோதனையிலேயே விழித்திரையில் புள்ளிகள் இருக்கின்றன. அதன்பின் வருடத்துக்கு ஒரு முறை.

சின்ன வயதிலேயே வந்து இன்சுலினில் இருக்கும் முதல் வகை என்றால், நோய் தெரிந்து ஐந்து வருடத்துக்குள் தொடங்கி, பிறகு வருடாவருடம்.

ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருத்தரித்தால் முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு முறை காட்டிவிட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். கர்ப்ப காலத்தில் இந்த நோய் வேகம் பிடிக்கும். கர்ப்பத்தின்போது மட்டும் சர்க்கரை வந்தவர்களுக்கு இந்தப் பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது.

ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் போவது, ரத்தசோகை, புகைப்பழக்கம் இவை கூடவே இருந்தால் பாதிப்பு வேகமாகும். சிறுநீரகம் பாதித்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர் அந்த வாரமே கண்ணையும் காட்டுவது நல்லது. இரண்டும் ஒரே மாதிரி நுண்ணிய குழாய்கள். ஒன்று கெட்டால் மற்றதும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் படி: எங்கே போவது

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருவது எவ்வளவு பெரிய உதவி என்று தளியின் மலையோரக் கிராமங்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாத்திரைக்காக மாதாமாதம் ஆஸ்பத்திரி படி ஏறிய காலத்தில், யாராவது ஒரு மருத்துவர் "கண்ணைக் காட்டினியாம்மா?" என்று கேட்டுவிடுவார். இப்போது அந்தப் பயணம் குறைந்துவிட்டது, விழித்திரைப் பரிசோதனையோ வீட்டுக்கு வராது. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமே கேளுங்கள்: எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் எந்தக் கிழமை இருப்பார் என்று.

அந்த உதவியாளர் பார்வையைச் சோதித்து, தேவைப்பட்டால் மேலே எழுதி அனுப்புவார். அடுத்த நிலை, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றின் கண் பிரிவுகள். அதற்கு மேல் விழித்திரைக்கென்றே படித்த மருத்துவர் வேண்டுமென்றால் தருமபுரி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்குச் சேலம் கிட்டம். அங்கே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது, அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்கள் பெங்களூருக்குப் போவதுதான் வழக்கம்.

ஊசி, லேசர் என்று தொடங்கினால் மாதாமாதம் போக வேண்டி வரும். எனவே பெயருக்காகத் தொலைவில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதை விட, தவறாமல் போய் வர முடிகிற இடமே மேல் என்பது என் கருத்து. பெங்களூரில் கட்டட வேலையில் இருந்துகொண்டு பண்டிகைக்கு மட்டும் ஊத்தங்கரைக்கு வருகிறவர், பெங்களூரிலேயே காட்டிக்கொள்வதுதான் சரி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் அதற்குத் தகுதியுள்ளவை. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில் சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். செய்து முடித்தபின் கேட்டால் பயனில்லை. போவதற்கு முன் ஒரு போன் போட்டு "ரெட்டினா டாக்டர் என்னைக்கு இருப்பாருங்க?" என்று கேட்டுக்கொண்டால் ஒரு நாள் கூலி மிச்சமாகும்.

மூன்றாம் படி: பரிசோதனை நாள்

வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். சொட்டு மருந்து விட்டால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அந்த நிலையில் தொப்பூர் கணவாயில் பைக் ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். குளிர்க்கண்ணாடி அல்லது குடை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சாப்பாடும் மாத்திரையும் நிறுத்த வேண்டியதில்லை. அங்கே அரை நாள் ஆகிவிடும் என்பதால் இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பிட ஏதாவது கையில் வைத்திருப்பது அவசியம். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும், கடைசியாக எடுத்த மூன்று மாத சர்க்கரை அளவும் (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை), சிறுநீரகச் சோதனைச் சீட்டும் ஒரு பையில் இருக்கட்டும்.

முதலில் எழுத்துப் பலகை. அப்புறம் கண் அழுத்தம். பிறகு சொட்டு மருந்து: லேசாக எரியும், இருபது முப்பது நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். பாப்பா நன்றாக விரிந்தபின் மருத்துவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, "மேலே பாருங்க, கீழே பாருங்க, என் காதைப் பாருங்க" என்று ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பார். கூசும், வலிக்காது.

சில முகாம்களில் சொட்டு மருந்து இல்லாமலே கேமராவால் விழித்திரையைப் படமெடுக்கிறார்கள். அந்தப் படத்தைக் கணினியே படித்துச் சொல்லும் வசதியும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் "படம் தெளிவாக வரவில்லை" என்று எழுதிக் கொடுத்தால் அதை "ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

சந்தேகம் இருந்தால் ஓசிடி ஸ்கேன் எடுப்பார்கள். ஒரு இயந்திரத்தில் தாடையை வைத்து ஒரு புள்ளியைச் சில விநாடி பார்த்தால் போதும், ஊசி கிடையாது. விழித்திரையை நெடுக்காக அறுத்துப் பார்த்த மாதிரி அடுக்கடுக்காக ஒரு படம் திரையில் வரும். நல்ல கண்ணில் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். வீங்கிய கண்ணில் அந்தப் பள்ளம் மேடாகி, உள்ளே கறுப்புக் கறுப்பாய் நீர்க்கோத்த பைகள் தெரியும். அந்தப் படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஊசி போட்டபின் எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், செலவழித்த பணம் என்ன செய்தது என்று உங்களுக்கே புரியும்.

எல்லோருக்கும் தேவைப்படாத இன்னொரு சோதனை, ஆஞ்சியோகிராம். கையில் ஒரு மஞ்சள் சாயத்தைச் செலுத்திக் கண்ணைத் தொடர்ந்து படமெடுப்பார்கள். கொஞ்சம் குமட்டலாம். தோல் லேசாக மஞ்சளாகும், ஒன்றிரண்டு நாள் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும். காமாலை வந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். மருந்து ஒவ்வாமை, சிறுநீரகப் பிரச்சினை, கர்ப்பம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: சீட்டில் என்ன எழுதியிருக்கிறது

பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருக்கும். என்பிடிஆர் என்றால் புதிய குழாய்கள் வளராத கட்டம். அதில் லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று மூன்று படி உண்டு. பிடிஆர் என்றால் புதிய குழாய்கள் வளர்ந்துவிட்ட கட்டம். டிஎம்இ என்பது மாக்குலா வீக்கம். இது எந்தக் கட்டத்திலும் வரலாம்.

பாதிப்பே இல்லை என்றால் ஒரு வருடம் கழித்து வரலாம். லேசானது என்றால் ஆறு முதல் பன்னிரண்டு மாதம், நடுத்தரம் என்றால் மூன்றிலிருந்து ஆறு மாதம். கடுமையானது என்று எழுதியிருந்தால் மூன்று மாதத்துக்கு மேல் விடக்கூடாது. இந்த நிலையில் சும்மா இருந்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள்ளேயே புதிய குழாய்கள் வளர்ந்துவிடும் என்று பழைய அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பிடிஆர் என்றால் அறுவடை முடியட்டும், மாங்காய் சீசன் முடியட்டும் என்று பார்க்காதீர்கள். சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும்.

இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று லேசாகவும் மற்றது கடுமையாகவும் இருப்பது சகஜம்.

ஐந்தாம் படி: கண்ணுக்கு வெளியே நடக்கும் சிகிச்சை

எந்தக் கட்டமாக இருந்தாலும் முதல் சிகிச்சை சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். 1993இல் வெளிவந்த டிசிசிடி என்ற ஆய்வில், முதல் வகை சர்க்கரை நோயாளிகள் அளவைக் கட்டுக்குள் வைத்தபோது புதிதாக விழித்திரை பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. இதைச் செய்யக்கூடிய கண் ஊசி எதுவும் இல்லை. மூன்று மாத சர்க்கரை பலருக்கு 7 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு மருத்துவர் கொஞ்சம் தளர்த்திச் சொல்வார்.

பல வருடம் 11, 12 என்று இருந்த இந்த மூன்று மாத சர்க்கரையைத் திடீரென்று இறக்கினால் ஆரம்பத்தில் சிலருக்கு விழித்திரை பாதிப்பு சற்று மோசமாவது உண்டு. அதற்காக இறக்காமல் விடக்கூடாது. புதிதாக இன்சுலினோ சர்க்கரைக்கு வாரம் ஒருமுறை போடும் ஊசியோ தொடங்கும் முன் கண்ணை ஒரு முறை காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். பியோகிளிட்டசோன் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைக் கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், சிலருக்கு மாக்குலா வீக்கத்தை அது கூட்டும். கொழுப்புக்குக் கொடுக்கும் ஃபீனோஃபைப்ரேட் மாத்திரை ஆரம்ப நிலைப் பாதிப்பின் வேகத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராகிக் களி நம் மண்ணின் சாப்பாடு, நல்ல சாப்பாடு. ஆனால் "களி சாப்பிட்டா சுகர் ஏறாது" என்பது உண்மையில்லை. இரண்டு பெரிய உருண்டை களியில் இருப்பதும் மாவுச்சத்துதான். உருண்டையைச் சின்னதாக்கிக் கீரையையும் பயறையும் கூட்டுங்கள். மாம்பழம் சீசனில் ஒரு கீற்று சாப்பிடலாமா என்பதை உங்கள் சர்க்கரை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரிக்காரர்களிடம் மாம்பழமே வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை என்பது அந்த மருத்துவர்களுக்கும் தெரியும். பொன்னாங்கண்ணி உடம்புக்கு நல்லது, ஆனால் கசியும் குழாயை அது அடைக்காது. நந்தியாவட்டைச் சாறு, தேன், தாய்ப்பால் என்று எதையும் கண்ணில் விடாதீர்கள். அவை விழித்திரை வரை போவதும் இல்லை, கருவிழியில் கிருமித் தொற்றைக் கொண்டுவரும் ஆபத்தும் இருக்கிறது.

ஆறாம் படி: ஊசி

மாக்குலா வீங்கிப் பார்வை குறைந்திருந்தால் இன்றைக்கு முதல் சிகிச்சை கண்ணுக்குள் போடும் ஊசி. "கண்ணுல ஊசியா?" என்று கேட்டே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அதனால் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

மேசையில் படுக்க வைத்து மரத்துப்போகும் சொட்டு மருந்து விடுவார்கள். பழுப்பு நிற அயோடின் கரைசலால் இமையையும் கண்ணையும் கழுவுவார்கள். பலருக்கு ஊசியை விட இதுதான் எரிகிறது. முகத்தின் மேல் துணி போட்டு, இமை மூடாமலிருக்க ஒரு சின்னக் கம்பியை மாட்டுவார்கள். "ஐயா, அந்தப் பக்கம் பாருங்க" என்பார் மருத்துவர். கருவிழிக்கு மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில், முடி மாதிரி மெல்லிய ஊசி. ஒரு அழுத்தம் தெரியும், அவ்வளவுதான். மருந்து உள்ளே போக சில விநாடிதான். அன்றே வீட்டுக்குப் போகலாம். வெள்ளை விழியில் ஒரு சிவப்புத் திட்டு ஒரு வாரம் இருக்கலாம், ஓரிரு நாள் கறுப்பு உருண்டைகள் மிதக்கலாம். இரண்டும் தானாகச் சரியாகும்.

ஆனால் போட்ட சில நாட்களுக்குள் வலி கூடினாலோ, கண் நன்றாகச் சிவந்து பார்வை குறைந்தாலோ அது கிருமித் தொற்றாக இருக்கலாம். ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றுக்குத்தான் இப்படி ஆகும். ஆனால் ஆகிவிட்டால் ஒரு ராத்திரி காத்திருப்பதும் தப்பு. அன்றே போட்ட இடத்துக்குப் போங்கள். சில நாள் கண்ணில் தண்ணீர் படாமலும், வயலில் தூசி பறக்கும் வேலைக்குப் போகாமலும் இருப்பது இதற்காகத்தான்.

மருந்துகளில் பெவாசிசுமாப் விலை குறைந்தது. புற்றுநோய்க்காக வந்த அந்த மருந்தைச் சிறு அளவாகப் பிரித்துக் கண்ணுக்குப் பயன்படுத்துகிறார்கள். கிருமியில்லாத முறையில் பிரிக்கும் மருத்துவமனையில் போட்டுக்கொள்வது முக்கியம். ரானிபிசுமாப் கண்ணுக்கென்றே செய்தது. இந்தியாவிலேயே தயாராகும் விலை குறைந்த வடிவமும் கிடைக்கிறது. அஃப்லிபர்செப்ட் விலை கூடியது. 2015இல் இந்த மூன்றையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், ஆரம்பத்தில் பார்வை லேசாகவே குறைந்திருந்தவர்களுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. பார்வை அதிகம் குறைந்திருந்தவர்களுக்கு முதல் வருடத்தில் அஃப்லிபர்செப்ட் கூடுதல் பலன் தந்தது. எனவே விலை கூடியதுதான் நல்லது என்று கடன் வாங்க வேண்டிய அவசியம் எல்லோருக்கும் இல்லை. "என் கண்ணுக்கு விலை குறைஞ்சது போதுமா டாக்டர்?" என்று வெளிப்படையாகவே கேளுங்கள்.

ஒரே ஊசியில் முடிவதில்லை. முதல் சில மாதங்கள் மாதம் ஒன்று, பிறகு ஸ்கேன் பார்த்து இடைவெளியை நீட்டுவார்கள். இரண்டு ஊசியோடு நிறுத்துகிறவர்கள்தான் "ஊசி போட்டும் ஒண்ணும் ஆகல" என்கிறார்கள். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் ஊசிக்கு முன் அவசியம் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளுக்கு வீக்கம் வடியாதவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி உண்டு. அதில் கண் அழுத்தமும் புரையும் கூடலாம் என்பதால் தொடர்ந்து கவனிப்பார்கள்.

ஏழாம் படி: லேசர்

புதிய குழாய்கள் வளர்ந்த கண்ணுக்கு லேசர் பழைய, உறுதியான சிகிச்சை. 1970களிலேயே அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு, கடுமையான பார்வை இழப்பை இது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று காட்டிவிட்டது. நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணில் ஒரு லென்ஸை வைத்து, ஓரப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகளைச் சுடுவார்கள். பச்சை மின்னல் அடித்துக்கொண்டே இருக்கும். சில இடங்களில் சுருக்கென்று வலிக்கும். தாங்க முடியவில்லை என்றால் சொல்லுங்கள், நிறுத்தி நிறுத்திச் செய்வார்கள். பொதுவாக இரண்டு முதல் நான்கு தவணை.

லேசர் போட்டதால் பார்வை முன்னைவிட அதிகமாகாது. ராத்திரிப் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையவும் செய்யலாம். நடுப்பார்வையைக் காப்பாற்ற ஓரத்தை விட்டுக்கொடுக்கும் சிகிச்சை இது. இதை முன்பே யாரும் சொல்லாததால்தான் "லேசர் போட்டுத்தான் கண்ணு போச்சு" என்ற பேச்சு ஊரில் சுற்றுகிறது. பெரும்பாலும் அந்தப் பார்வையைக் கொண்டுபோனது நோய்.

புதிய குழாய்களை ஊசியாலும் அடக்கலாம். பலன் லேசருக்குக் குறைவில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு நடுவில் பல மாதம் வராமல் போனவர்களின் கண், லேசர் போட்டுவிட்டு வராமல் போனவர்களின் கண்ணை விட மோசமாகிறது. ஓசூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலையில் இருப்பவர், பென்னாகரத்துக்கு அப்பால் பேருந்து எப்போதாவது வரும் ஊரில் இருப்பவர் போன்றோருக்கு இது பெரிய விஷயம். மாதாமாதம் வர முடியுமா என்பதை மருத்துவரிடம் நேர்மையாகச் சொல்லுங்கள். முடியாதென்றால் லேசர்தான் பத்திரம்.

எட்டாம் படி: ஆபரேஷன்

ரத்தம் கொட்டி வடியாமல் நின்றாலோ, விழித்திரை பிரிந்தாலோ விட்ரெக்டமி என்ற அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் இருக்கும் கூழையும் ரத்தத்தையும் எடுத்து, இழுக்கும் நார்களை வெட்டி, தேவைப்பட்டால் வாயு அல்லது சிலிக்கான் எண்ணெய் நிரப்புவார்கள். சில நாட்கள் குப்புறப் படுக்கச் சொன்னால் அதை அப்படியே செய்ய வேண்டும். விழித்திரை ஒட்டுவது அதைப் பொறுத்தது. எண்ணெயைப் பொதுவாகச் சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷனில் எடுப்பார்கள்.

வாயு நிரப்பியிருந்தால் உயரமான இடத்துக்குப் போகக்கூடாது. மேலே போகப் போக வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். விமானம், ஏற்காடு இரண்டும் கூடாது. ஓசூரே ஏறக்குறைய 3,000 அடி உயரம் என்பதால், சேலத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு ஓசூர், தளி, அஞ்செட்டிப் பக்கம் திரும்புகிறவர்கள் "எங்க ஊரு மேட்டுல இருக்கு, எப்ப போகலாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் பேருந்து ஏற வேண்டும்.

புரை ஆபரேஷனுக்கு முன்

சர்க்கரை நோயாளிகளுக்குப் புரை சீக்கிரம் வரும். முகாமில் பெயர் கொடுக்கும்போதே சர்க்கரை இருப்பதைச் சொல்லி, விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். மாக்குலா வீக்கம் இருந்தால் முதலில் அதற்கு ஊசி போட்டுவிட்டுப் புரையை எடுப்பார்கள். பார்க்காமல் எடுத்தால் லென்ஸ் புதிதாக இருக்கும், பார்வை வராது. கண்ணாடி விஷயத்திலும் இதே கவனம் தேவை. சர்க்கரை 300, 400 என்று ஏறியிருக்கும்போது கண்ணின் லென்ஸ் உப்பி பவர் மாறும். அப்போது வாங்கிய கண்ணாடி, சர்க்கரை இறங்கியதும் உதவாது. சில வாரம் கட்டுக்குள் வந்தபின் பவர் பாருங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

வாரத்துக்கு ஒருமுறை, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மறு கண்ணால் சுவரில் மாட்டிய தினசரி காலண்டரின் தேதியையும், கீழே உள்ள சின்ன எழுத்தையும் பாருங்கள். பிறகு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். கம்பி வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் மாக்குலாவில் ஏதோ நடக்கிறது. இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். ஆனால் இதில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்காக வருடாந்தரப் பரிசோதனையை விடக்கூடாது.

திடீரென்று கூட்டமாகக் கரும்புள்ளிகள், ஒட்டடை மாதிரி மிதப்பது, கண்ணுக்குள் மின்னுவது, ஒரு பக்கம் திரை விழுவது, சிவப்பாகப் புகை மூட்டம் இவை வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். அதுவரை மூட்டை தூக்காதீர்கள், தலையை உயர்த்திப் படுங்கள். இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். விழித்திரை பாதிப்பு இருக்கிறது என்பது மட்டுமே அதை நிறுத்தக் காரணமாகாது.

பார்வை ஓரளவு போய்விட்டவர்களுக்கு

சிகிச்சை முடிந்தும் பார்வை குறைவாகவே நின்றுவிட்டால் வீட்டு மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள். பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைப் பிரிவு இருக்கிறது. கைப்பூதக்கண்ணாடி, எழுத்தைப் பெரிதாக்கும் கருவி, செல்போனில் தமிழில் படித்துக் காட்டும் வசதி ஆகியவற்றைப் பழக்கிவிடுவார்கள். இன்சுலின் போடுகிறவராக இருந்தால், சுற்றும்போது டிக் டிக் என்று ஒலிக்கும் பேனா வகையைப் பற்றி விசாரியுங்கள். ஆனாலும் அளவைப் பார்வை உள்ள ஒருவர் சரிபார்ப்பது நல்லது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று அரசு மருத்துவர் சான்று கொடுத்தால், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டை கிடைத்த பிறகும் மீதமிருக்கும் பார்வைக்கான பரிசோதனையும் சிகிச்சையும் நிற்கக்கூடாது. அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.